மறுமொழி: புதினாப் ‘பாலாடை’ வேண்டாம், ‘பாகுத்தேறல்’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கிரெம் தெ மாந்த் என்ற இனிப்பான புதினா மதுவுக்குத் தமிழில் ‘புதினாப் பாலாடை’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என முந்தாநாள் வந்த மடலைப் படித்தேன். தயவுசெய்து சேர்க்க வேண்டாம். அதே தவற்றை நான் அச்சிலேயே செய்தவன்.

ஒரு கிறிஸ்துமஸ் மலருக்காக கிராஸ்ஹாப்பர் என்ற காக்டெய்லின் செய்முறையை மொழிபெயர்த்தேன். வெட்டுக்கிளியின் பச்சை நிறத்தால் அதற்கு அந்தப் பெயர். நியூ ஆர்லியன்ஸில் 1856 முதல் இருக்கும் டூஜாக்ஸ் உணவகத்தை நடத்திய பிலிபெர் கிஷே உருவாக்கியது என்பது அந்த உணவகம் சொல்லிவரும் கதை. சேர்மானம் மூன்றே: பச்சை நிற கிரெம் தெ மாந்த், நிறமற்ற கிரெம் தெ ககாவ் (கொக்கோ மணமுள்ள இனிப்பு மது), கிரீம். மூன்றும் சம அளவு. நான் எழுதியதோ புதினாப் பாலாடை, கொக்கோப் பாலாடை, பாலாடை! டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகள் அதை நம்பி, புதினாவை அரைத்து ஒரு பங்கு கிரீமிலும், கொக்கோப் பொடியை இன்னொரு பங்கிலும் கலந்து, விருந்தினர் முன்னால் வைத்திருக்கிறாள். சேற்று நிறத்தில் ஒரு கூழ். “மாமா, இதில் மது எங்கே?” என்று தொலைபேசியில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

‘கிரெம்’ என்றால் பிரெஞ்சில் கிரீம்தான்; ஆனால் இந்த மதுப் பெயர்களில் அது பாலைக் குறிப்பதில்லை. அந்தப் புட்டிகளில் பால் ஒரு துளியும் கிடையாது. சர்க்கரை மிகுந்து, நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும் கொழகொழப்பைத்தான் அது சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி லிக்கூர் எனப்படும் இனிப்பு மதுவில் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும்; ‘கிரெம்’ என்று பெயர் சூட்ட 250 கிராம் வேண்டும். நம் சமையலறையில் இந்தப் பதத்துக்கு வழிவழியாக இருக்கும் சொல் ‘பாகு’.

அடுத்து ‘லிக்கூர்’ என்ற பொதுப்பெயர். அதை அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்றார் கோவை நண்பர். ‘லிக்கர்’ என்றால் மது முழுவதும், ‘லிக்கூர்’ என்றால் அதில் இனிப்பான ஒரு வகை. அச்சுப்பிழை ஒன்று போதும், பொருள் தலைகீழாகிவிடும். லிக்கூருக்கு ‘ஊறல்’ என்ற சொல்லும் பொருத்தமாகத்தான் படுகிறது, இலையும் கொட்டையும் ஊறித்தானே மணம் இறங்குகிறது. ஆனால் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு அது புதருக்குள் புதைத்த பானையைத்தான் காட்டும். இலங்கை நண்பர் சொன்ன ‘மதுசாரம்’ அங்கே ஆல்ககாலுக்கே வழங்குவதால் அதை விட்டுவிடுவோம்.

நான் கேட்பது ‘தேறல்’. தெளிந்த மது என்பது அதன் பொருள். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். கப்பலில் வந்த அயலார் மதுவுக்கே அன்று நம் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. தண்மையும் கமழ்தலும் சேர்ந்த அந்த அடைமொழி புதினா மதுவுக்கும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! சங்ககாலத் தேறல் காய்ச்சி வடித்ததல்லவே என்ற மறுப்பு வரும். அந்தச் சொல் தெளிவைச் சொல்கிறது, செய்முறையை அல்ல. கிரெம் தெ மாந்த்தை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி விளக்குக்கு நேரே பிடித்தால், மரகதப் பச்சையினூடே மறுபக்கத்து விரல் தெரியும். அது தேறல்தான்.

இனிப்பைக் காட்ட ‘இன்’ சேர்த்தால் புணர்ச்சி விதிப்படி ‘இன்றேறல்’ ஆகிவிடும். படிப்பவர் ‘இன்று ஏறல்’ என்று தடுக்கி விழுவார். ‘தீம்’ சேர்த்தால் தீந்தேறல். தீந்தமிழ் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இது தடையில்லாமல் வரும். ஆகவே லிக்கூருக்குத் தீந்தேறல். அதில் ‘கிரெம்’ வகைக்குப் பாகுத்தேறல்.

சொல்லைச் செய்முறையில் வைத்துப் பார்ப்போம்:

“புதினாப் பாகுத்தேறல், நிறமற்ற கொக்கோப் பாகுத்தேறல், கிரீம் ஆகியவற்றை வகைக்கு 30 மில்லி எடுத்து, பனிக்கட்டியோடு குலுக்குகுவளையில் இட்டு மூடுங்கள். குவளையின் வெளிப்புறம் வெண்மையாகப் பூத்து, கை மரத்துப்போகும்வரை குலுக்குங்கள். முன்பே குளிரவைத்த கிண்ணத்தில் வடிகட்டுங்கள். புதினா இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே வையுங்கள். கசக்கினால் கசப்பு இறங்கும். கறுப்புச் சாக்லேட்டைச் சிறிது துருவித் தூவுங்கள்.”

பழுப்பு நிறக் கொக்கோப் பாகுத்தேறலும் கடையில் கிடைக்கும். சுவை கெடாது, பச்சைதான் போய்விடும். கிரீமுக்கு ‘பாலாடை’ என்று எழுதுவதையும் கைவிடலாம். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏட்டை அள்ளிப் போட்டால் குலுக்கிய பிறகும் திரிதிரியாக மிதக்கும்.

‘குலுக்குகுவளை’ எனக்கே நிறைவாக இல்லை. அதைவிட நல்லது தோன்றுகிறவர்கள் எழுதுங்கள். ‘பாகுத்தேறல்’ பற்றிய மறுப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்.