நீங்களே செய்த லூரில் விழுந்த முதல் மீன்: மும்பைக்காரர்கள் சொல்லுங்கள்

செம்பூர் தூண்டில்:

வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே லூர், அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரை, செதுக்குகிற ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று தெரியும். சரி, என் கதையை முதலில் சொல்கிறேன்.

போன ஆடி மழையில் எங்கள் காலனி வாசலில் நின்ற கல்யாண முருங்கை சாய்ந்துவிட்டது. இங்கே பாங்காரா என்பார்கள். சாவந்த்வாடி பொம்மைகளுக்கு எடுக்கிற மரங்களில் ஒன்று. காய்ந்துவிட்டால் தக்கை போல லேசாகிவிடும். வெட்டிப் போட்டதில் ஒரு முழக் கிளையை எடுத்துப் பிளந்து, இரண்டு மாதம் பீரோ மேல் வைத்திருந்தேன். "விறகு பொறுக்கவா பம்பாய்க்கு வந்தீங்க?" என்றாள் மனைவி.

மடவைக் குஞ்சு மாதிரி 11 சென்டிமீட்டரில் செதுக்கி உப்புத்தாள் போட்டேன். மூக்கிலிருந்து வால்வரை ஒரே எஃகுக் கம்பி. திருகி வைக்கிற வளையம் எல்லாம் கொடுவாவிடம் நிற்காது, மரத்தோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். முகத்துக்குக் கீழே, இழுத்தால் முங்கி ஆடுவதற்கு, பழைய சிடியை வெட்டி ஒரு தகடு; அதுதான் உதடு. உடம்புக்கு சாக்லேட் தாள். இதில் எனக்கு வெட்கமே இல்லை. 1936-ல் பின்லாந்தில் லவுரி ரப்பாலா தக்கையில் செதுக்கிய லூருக்கும் சாக்லேட் தாள்தான். மேல்பூச்சுக்கு அவர் போட்டோ நெகட்டிவை உருக்கினார். நான் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்தேன். அதற்குத் தனித் திட்டு.

பாத்ரூம் டிரம்மில் விட்டால் மல்லாந்துகொண்டது. எடைக்கான ஈயத்தை நடு உடம்பில் வைத்த தப்பு. தோண்டி எடுத்து அடிவயிற்றோடு ஒட்ட வைத்த பிறகுதான் நிமிர்ந்தது. ஆனால் உதடு ஒரு நூல் கோணலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போகும். தூக்கிப் போடவும் மனசில்லை.

வாஷி கழிமுகம், பௌர்ணமிக்கு மறுநாள், மதியம் இரண்டு மணி, நீர் வடியத் தொடங்கிய நேரம். எட்டாவது வீச்சோ ஒன்பதாவதோ, 'பொளக்' என்று ஒரு சத்தம். கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும்போது வருகிற சத்தம் அது, ஒருமுறை கேட்டால் தூக்கத்திலும் கேட்கும். இரண்டரைக் கிலோ. கை நடுக்கத்தில் ரீலை விட்டுவிட்டுத் தங்கூஸ் நரம்பைப் பிடித்து இழுத்தேன், விரலில் இன்னும் கோடு இருக்கிறது.

இதையே சரியாகச் செய்தால் இன்னும் விழுமே என்று உதடு நேராக ஐந்து செய்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே கோணலாக ஒன்று செய்தேன், பம்பரம் மாதிரி சுற்றியது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு கோலி மீனவப் பெரியவர்தான் சொன்னார்: உன் பழைய லூர் கோணலாக ஒதுங்கி, கரைச் சுவரை ஒட்டிக்கொண்டே வந்தது, மீன் சுவர் நிழலில்தான் இருந்தது. நான் நடுத்தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

தாராவி தோல்பட்டறை:

அண்ணே, மரம் செதுக்க எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து இங்கே தோல் ஷாப்புக்கு வந்தவர். பட்டறையில் கழிவுத் தோல் எப்போதும் கிடக்கும். மெல்லிய ஆட்டுத்தோலை மண்புழு அகலத்தில் கீறி, ஈயத்தலை வைத்த முள்ளில் வாலாகக் கட்டினேன். தண்ணீரில் அரை மணி ஊறினால் கடையில் விற்கிற ரப்பர் வால் தோற்றுப்போகும், அப்படி நெளியும். காய்ந்தால் அப்பளம். அதனால் டப்பாவில் உப்புத் தண்ணீரோடே எடுத்துப் போவேன்.

பாந்த்ரா பாறையில் ஒரு மாமா பார்த்துவிட்டு, "க்யா அண்ணா, சப்பல் சே மச்லி?" என்றார். செருப்பால் மீன் பிடிக்கிறாயா என்கிறார்! பத்து நிமிஷத்தில் கை அகலத்துக்கு ஒரு களவா ஏறியது. மாமா ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், இரண்டு வால் கொடு என்றார். பட்டறையில் எத்தனையோ பைகள் தைத்துக் கொடுத்திருக்கிறேன், யாரும் அப்படிக் கேட்டு வாங்கியதில்லை.

ஒரு விஷயம், ஈயத்தைச் சமையலறை அடுப்பில் உருக்காதீர்கள். புகை விஷம். நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

முலுண்ட் லோக்கல்:

பணம் மிச்சம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். நான் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். பசை, பெயின்ட், மும்முனைக் கொக்கி, வீணாய்ப்போன மரம் எல்லாம் சேர்த்தால் கடை லூர் இரண்டு வாங்கலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதற்குக் கணக்கே இல்லை.

ஆனால் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் எண் தட்டிவிட்டு, ரயிலில் ஒற்றைக்காலில் நின்று வருகிறவனுக்கு, ராத்திரி அரை மணி உப்புத்தாள் தேய்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. வெங்காய மூட்டை வலையை மேலே விரித்து ஸ்பிரே அடித்தால் செதில் விழும் பாருங்கள், அந்த வலையை உரிக்கிற நொடிக்காகவே செய்கிறேன். மீன் அப்புறம்தான்.

இப்போது ஒரு சிக்கல். ஆறு வயது மகள் ஒரு லூரைப் பிங்க் அடித்து, கண்ணுக்கு இமைமுடி எல்லாம் வரைந்து கொடுத்தாள். அதைப் போய் வொர்லி பாறை இடுக்கில் மாட்டி அறுத்துவிட்டேன். "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டியாகிவிட்டது. தினமும் கேட்கிறாள்.

செம்பூர் தூண்டில்:

புதிதாக ஒன்று செய்து ஏமாற்ற நினைக்காதீர்கள், இமைமுடியில் பிடித்துவிடுவாள். எந்த இடுக்கு என்று நினைவிருக்கிறதா? அமாவாசை அன்று மாலை ஆறு மணிவாக்கில் நீர் நன்றாக வற்றும். நானும் வருகிறேன். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், தேய்ந்த செருப்பு வேண்டாம், பாசி வழுக்கும்.