பொதி உடைச்சு விளையாடுற ஆர்பிஜி: மேசைக்கு நல்லதா, காசுக்குக் கேடா?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பில ஒரு ஆர்பிஜி மேசை, ஆளுக்கொரு பாத்திரமாக் கதை ஆடுறது. ஆடுறவங்க அஞ்சு பேர், கதையை நடத்துற ஜீஎம் ஒராள். அடுத்த மாசம் புதுக் கதை தொடங்குது. பகடையும் பாத்திரத் தாளும் மட்டும் காணாது, சேகரிப்பு அட்டையும் சேர்ப்பம் என்டு பேச்சு. ஆளாளுக்குச் சொந்த டெக், அதாவது அட்டைக் கட்டு. உள்ள என்ன இருக்கென்டு தெரியாத பூஸ்டர் பொதி உடைச்சு வாற அட்டையை ஆட்டத்துக்குள்ள போடலாம். 2010ல விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் விட்ட காமா வேர்ல்ட் ஆர்பிஜி மாதிரி. சரிவருமா, வராதா? "அவரவர் விருப்பம்" என்டு மழுப்பாமச் சொல்லுங்க.

பகடைஇருபது:
வராது. காமா வேர்ல்டையே எடுங்க. பெட்டிக்குள்ள 80 அட்டை, பாத்திரத்துக்கு விசித்திரச் சக்தி குடுக்கிற பிறழ்வு 40, பழைய காலத்துக் கருவி 40. அதோட 8 அட்டைப் பூஸ்டர் ஒன்டு. எல்லாரும் ஜீஎம்முட கட்டில இருந்து இழுத்தா ஒரு பிரச்சினையும் இல்ல. நாப்பதில ஒரு அட்டை மூணு இழுவைக்குள்ள வாற வாய்ப்பு 7.5 வீதம். ஆனா சொந்த டெக் கட்ட விதி இடம் குடுக்குது. குறைஞ்சது 7 அட்டை, ஒரே அட்டையில ரெண்டு வரைக்கும் வைக்கலாம். அப்ப அதே மூணு இழுவையில அந்த அட்டை வாற வாய்ப்பு 71 வீதம். பொதி வாங்கினவனுக்கு 71, வாங்காதவனுக்கு 7.5. ஒரே மேசையில ரெண்டு பேரும் ரெண்டு ஆட்டம் ஆடுறாங்க.

வாவிமீன்:
கணக்குச் சரி அண்ணே, முடிவுதான் பிழை. அந்த ஆட்டத்தில பிறழ்வு அட்டை கையில நிலைச்சு நிக்கிறதில்ல. இருபது பக்கப் பகடையில 1 விழுந்தாக் கையில இருக்கிறது போய் வேற வரும். அட்டையில இருக்கிறதை விடக் கூடச் சக்தி எடுக்கப் பார்த்தா இன்னொருக்காப் பகடை உருட்டணும். 10 இல்ல அதுக்கு மேல விழுந்தா லாபம், 9 இல்ல அதுக்குக் கீழ விழுந்தா உங்கட தலையிலயே விடியும். ஆட்டமே தறிகெட்ட உலகத்தைப் பற்றினது, அதுக்குள்ள சமநிலை தேடுறது மாரியில காஞ்ச விறகு தேடுற மாதிரி. அதோட, தன்ட டெக்கைத் தானே கட்டுறதில ஒரு ருசி இருக்கு. பாத்திரம் பத்தி ஆட்டம் இல்லாத நாளிலயும் யோசிக்க வைக்குது. பகடைக்கு அந்தக் குணம் இல்ல.

பகடைஇருபது:
ருசிக்கு எத்தனை பொதி வேணும் தம்பி? அந்தப் பூஸ்டர் வரிசை 120 அட்டை. எல்லாம் ஒரே அளவுக்கு விழுகுது என்டு வச்சாலே முழுசாச் சேர்க்கச் சராசரி 644 அட்டை உடைக்கணும். எட்டால பிரிச்சா 80 பொதிக்கு மேல. அரிதான அட்டை குறைவாத்தான் விழும், அதால உண்மைக் கணக்கு இன்னும் கூடும். இப்ப அந்த வரிசை அச்சிலயும் இல்ல. பழசு விக்கிறவன் சொல்றதுதான் விலை, வெளிநாட்டுத் தபால் செலவு வேற.

காத்தான்குடி_டெக்:
விலையை விடுங்க. என்ன வருமென்டு தெரியாம காசு குடுத்துப் பொதி உடைக்கிறதை எங்கட பக்கத்தில நிறைய வீட்டில சூது என்டுதான் பார்ப்பாங்க. கடுதாசிக் கட்டு என்டாலே முகம் சுழிக்கிற ஆக்கள் இருக்காங்க. அஞ்சு பேர் மேசையில ஒராளுக்கு அது ஏலாதென்டா அந்த விதி மேசைக்கே ஏலாது. அட்டை வேணாமென்டு சொல்லல்ல, காசுப் பொதிதான் வேணாம்.

வாவிமீன்:
அது ஞாயமான பேச்சு நானா. ஆனா சேகரிப்பு அட்டை எல்லாமே பலத்தைக் கூட்டித்தான் ஆகணும் என்டு இல்லையே. 1995ல வந்த எவர்வே ஆர்பிஜியைப் பாருங்க. அதில 90 படக் காட். எண் இல்ல, சக்தி இல்ல, வெறும் ஓவியம். அஞ்சு படம் தெரிஞ்செடுத்து அதுக்குள்ள இருந்து உங்கட பாத்திரத்தைச் சொல்லணும். மேலதிகப் படம் பொதியாவும் வித்தாங்க. நூறு பொதி வாங்கினாலும் வாளின்ட அடி ஒரு புள்ளி கூடாது. தீர்ப்புச் சொல்ல 36 அட்டையில தனிக் கட்டு, அது மேசைக்குப் பொது. பலம் பொதுக் கட்டில, அழகு சொந்தக் கட்டில.

பகடைஇருபது:
எவர்வேயை ஒத்துக்கிறன். ஆனா கல்லடிப்பாலம் கேட்டது காமா வேர்ல்ட். 2011ல டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆர்பிஜிக்கு வந்த ஃபோர்ச்சூன் காட்ஸ் என்ட அட்டை வரிசையையும் மறக்காதீங்க. அதிலயும் பொதிக்கு 8, டெக்குக்குக் குறைஞ்சது 10. ஒவ்வொரு தன் முறை தொடக்கத்திலயும் அட்டையை வச்சிருக்கிறதா, எறிஞ்சு வேற எடுக்கிறதா என்டு யோசிக்கணும். ஆளுக்கு 20 செக்கன், அஞ்சு பேர், ஆறு சுற்று என்டு போடுங்க. ஒரு சண்டைக்குப் பத்து நிமிசம் அட்டை பார்க்கவே போகுது. இரவு மூணு சண்டை என்டா அரை மணித்தியாலம் காத்தில.

நானா_அக்கரைப்பற்று:
மூணு பேரும் கணக்கிலயே நிக்கிறீங்க. அட்டை கையால தொடுற சாமான், அதையும் கொஞ்சம் பாருங்க. எங்கட ஊர்க் காத்தில பொயில் அட்டை, ஒரு பக்கம் மினுங்குற உலோகப் படலம் ஒட்டினது, என்ன ஆகுமென்டு தெரியுமா? மாரியில கடதாசிப் பக்கம் ஈரம் குடிச்சு ஊதும், பொயில் பக்கம் ஊதாது. அப்ப பொயில் பக்கமா உள்ள வளையும். காஞ்ச கச்சான் காத்து அடிக்கக்குள்ள கடதாசி காஞ்சு சுருங்கி மற்றப் பக்கம் வளையும். கட்டை மேசையில வச்சா அந்த அட்டை எங்க கிடக்கென்டு கண்ணை மூடிட்டுத் தட்டுப்படும். 304 என்ட கடுதாசி விளையாட்டு அடிக்கிற ஆக்கள் அதை ரெண்டாவது கையிலயே கண்டுபிடிச்சிருவாங்க. காத்துப் புகாத டப்பா, அதுக்குள்ள சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா ஜெல் ரெண்டு பக்கட், பொயில் இல்லாத அட்டை. மூண்டும் வேணும்.

கல்லடிப்பாலம்:
நானா, அப்ப நாமளே அட்டை அடிச்சா? காசுப் பொதியும் இல்ல, பொயிலும் இல்ல.

நானா_அக்கரைப்பற்று:
அடிக்கலாம். பிழைக்கிற இடத்தை முதல்ல சொல்றன். அளவு 63க்கு 88 மில்லிமீற்றர். ஏ4ல மூணுக்கு மூணு, ஒன்பது சரியா வரும், ஓரத்தில இடமும் மிஞ்சும். போட்டோகொப்பிக் கடையில 'பக்கத்துக்குப் பொருத்து' என்டு விட்டா 63 கிட்டத்தட்ட 61 ஆகிப் போகும், நூறு வீதம் என்டு சொல்லி எடுங்க. தடிச்ச மட்டையில முன்னும் பின்னும் அடிக்கப் போகாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர், ரெண்டு மில்லிமீற்றர் விலகும், பின்பக்கக் கரையைப் பார்த்தே எந்த அட்டை என்டு தெரிஞ்சிரும். கடை மெஷின் சிலது தடிச்ச மட்டையை இழுக்கவும் மாட்டாது.

சாதாரணத் தாள் காணும். லேசர் பிரிண்ட்தான், இன்க்ஜெட் மை வேர்வைக் கையில கரையும். அட்டைக்கு ஒரு மில்லிமீற்றர் குறைச்சு, 62க்கு 87 வெட்டுங்க. பின்பக்கம் தெரியாத ஸ்லீவ், அட்டை போடுற பிளாஸ்டிக் கூடு, அதுக்குள்ள தேய்ஞ்ச கடுதாசிக் கட்டில இருந்து ஒரு அட்டை, அதுக்கு முன்னால தாள். கடையில விக்கிற கட்டு கொஞ்சம் ஒடுக்கமா, 57 மில்லிமீற்றராக் கிடந்தா உள்ள அசையும், அகலக் கட்டாப் பார்த்து எடுங்க. கத்தரிக்கோல் வேணாம். இரும்பு அடிமட்டமும் கட்டரும்.

காத்தான்குடி_டெக்:
இதுக்கு நான் ஓம். ஆனா 'ரெண்டு தரம் உருட்டி நல்லதை எடு' மாதிரி அட்டையைக் கண்டபடி எழுதாதீங்க. இருபது பக்கப் பகடையில 11 இல்ல அதுக்கு மேல வேணுமென்ட இடத்தில அது 50 வீதத்தை 75 ஆக்கும், அஞ்சு கூட்டினதுக்குச் சமன். 20தான் வேணுமென்டா 5ல இருந்து 9.75தான். ஒரே அட்டை நடுவில பெரிசு, ஓரத்தில சின்னன். அதைச் சாதாரண அட்டையா வச்சா எல்லாரும் அதுக்குத்தான் அடிபடுவாங்க.

வாவிமீன்:
அப்ப நான் கேட்ட டெக் கட்டுற ருசிக்கு வழி இருக்கு. அஞ்சு தாள், 45 அட்டை. சாதாரணம் 27, நடுத்தரம் 12, அரிது 6. அஞ்சு உறை, உறைக்குள்ள சாதாரணம் 3, நடுத்தரம் 1, அரிது 1. ஒவ்வொருத்தரும் ஒன்டை எடுத்து மிச்சத்தை இடப்பக்கம் குடுங்க, உறை முடியும் வரைக்கும். ஆளுக்கு அஞ்சு அட்டை வரும். மிச்சம் 20 ஜீஎம்முட கட்டு. காசு இல்லாத பொதி, ஆனா பொதிதான். படத்துக்கு எவர்வே வழி. பாடுமீன், கோட்டை, கண்ணகி குளிர்த்தி, கொம்புமுறி, வடமோடிக் கூத்துக்காரன்ட கிரீடம். அதைப் பார்த்துப் பாத்திரத்தைச் சொல்லச் சொல்லுங்க.

பகடைஇருபது:
இப்பவும் எனக்கு ஆளுக்குச் சொந்த அட்டை பிடிக்கல்ல. ஒன்டு மட்டும் கேக்கிறன். எல்லாரும் அரிது அட்டையைக் கடைசிச் சண்டைக்குப் பதுக்கி வைப்பாங்க. நடுவில அட்டை செத்துக் கிடக்கும். அதுக்கு என்ன?

காத்தான்குடி_டெக்:
இரவு முடியக்குள்ள கையில மிஞ்சினது ஜீஎம்முட கட்டுக்குள்ள போகணும். அடுத்த கிழமை கலக்கி அஞ்சு உறை புதுசா. பதுக்கினா எதிரிக்கு ஆயுதம் குடுத்த மாதிரி.

பகடைஇருபது:
அப்ப அது சேகரிப்பே இல்லையே, கா! வாடகை அட்டை.

வாவிமீன்:
வாடகையாவே இருக்கட்டும். சேவேஜ் வேர்ல்ட்ஸ் என்ட ஆர்பிஜியில சண்டையில ஆர் முதல் என்டு தீர்க்க ஒவ்வொரு சுற்றும் புதுசா அட்டை போடுறாங்க, ஜோக்கர் வந்தா அந்தச் சுற்று முடியக் கட்டைக் கலக்குறாங்க. அங்க ஆரும் 'என்ட ஜோக்கர்' என்டு அழுறதில்ல. நாமளும் சக்தி அட்டையை மட்டும் திருப்பிக் குடுப்பம். படத்தை அவங்க வீட்டுக்குக் கொண்டு போகட்டும்.

நானா_அக்கரைப்பற்று:
ஒன்டை விட்டுட்டீங்க. அரிது ஆறில அஞ்சு உறைக்குள்ள, ஒன்டு ஜீஎம் கட்டில. எது மிஞ்சினது என்டு ஜீஎம்முக்குத் தெரிஞ்சா அவர் அதுக்கேத்த மாதிரிக் கதை கட்டுவார். உறை போடுறவரும் ஜீஎம்மும் ஒராளா இருக்கப்படாது.

கல்லடிப்பாலம்:
ஆட்டத்தில இல்லாத ஆள் வேணும். உறை ஒட்ட ஒராளைப் பிடிக்கிறன். காத்தான்குடி நானா, சாதாரண அட்டை 27க்கும் எழுத்து நீங்க பார்த்துத் தாறீங்களா?

காத்தான்குடி_டெக்:
அனுப்புங்க. ரெண்டு தரம் உருட்டுறது அதில ஒன்டும் இருக்கப்படாது, அதை நடுத்தரத்துக்குத் தள்ளுங்க.