அல்சூர் மதில் சுவரில் குயில் தேனீ

பிற தேனீக்களின் கூட்டில் முட்டையிடும் குயில் தேனீக்களைப் பெங்களூரில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பூக்களில் கண்டதையே எழுதியிருப்பதால், அவை முட்டையிட வரும் இடத்தில் நான் கண்டதைப் பகிர்கிறேன். அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்மதில் செங்கல்லும் மண்சாந்துமாகக் கட்டப்பட்டது. அதன் இடுக்குகளைக் குடைந்து நீலப்பட்டைத் தேனீக்கள் கூடமைக்கின்றன. துளசிப் பூக்களை நாடித் தாய்த்தேனீ வெளியே சென்றிருந்த வேளையில், கருத்த உடலெங்கும் வெளிர்நீலத் திட்டுகள் கொண்ட மற்றொரு தேனீ சுவரை ஒட்டித் தாழப் பறந்து வந்து, துளை துளையாக உணர்கொம்புகளால் தடவிப் பார்த்து, ஒன்றினுள் மட்டும் புகுந்தது. மகரந்தம் சுமப்பதற்கான அடர்ந்த மயிர் அதன் பின்னங்கால்களில் இல்லை. பூவுக்கு அது வருவது தன் பசிக்குத் தேன் குடிக்க மட்டுமே.

நான் கண்ட குயில் தேனீ, தைரியஸ் என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) சேர்ந்தது. இப்பேரினத்துப் பெண் தேனீ, நீலப்பட்டைத் தேனீயின் கூட்டில் மூடப்பட்ட அறையைத் திறந்து முட்டையிட்டு, மறுபடியும் அடைத்துவிடுகிறது. அதிலிருந்து பொரியும் புழு, அரிவாள் போன்ற தாடைகளால் அறைக்குரிய முட்டையையோ புழுவையோ கொன்று, சேமித்த உணவைத் தின்று வளர்கிறது. கொடுமையாகத் தோன்றினாலும் அதை விரட்ட எனக்கு மனம் வரவில்லை. நீலப்பட்டைத் தேனீ நிறைந்த இடத்தில்தான் அதனால் வாழ முடியும் என்பதால், மதிலுக்குச் சிமெண்ட் பூசியபோது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

ஏபிடே என்னும் தேனீக் குடும்பத்தில் மெலெக்டினி பிரிவைச் சேர்ந்த இப்பேரினத்துக்குத் தைரியஸ் என்று 1806-இல் பெயரிட்டவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் பான்சர். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பரவியுள்ளன; அமெரிக்கக் கண்டங்களில் இவை இல்லை. நியான் குயில் தேனீ எனப்படும் தைரியஸ் நிடிடுலஸ் ஆஸ்திரேலியப் பகுதிக்குரியது. அங்கே அமெகில்லா சிங்குலாட்டா என்ற நீலப்பட்டைத் தேனீயின் கூட்டை நாடுகிறது. ஆகவே நம் ஊர்ப் படங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டாதிருப்பது நல்லது.

மறுமொழி, எலகங்காவிலிருந்து: தாங்கள் விவரித்த அதே வகைத் தேனீயை எங்கள் தோட்டத்தில் மாலை வேளையில் பார்த்திருக்கிறேன். உலர்ந்த புல்தண்டைத் தாடைகளால் கவ்வியபடி, கால்களை உடலோடு மடக்கிக்கொண்டு உறங்கும். படமெடுக்க அதுவே ஏற்ற நேரம். நீலத்தின் சாயல் வெளிச்சத்துக்கேற்ப மாறித் தெரியும் என்பதால், மார்பின் பின்னால் நீண்டிருக்கும் தகட்டையும் அதன் விளிம்பிலுள்ள பிளவையும் மேலிருந்து தெளிவாக எடுக்க வேண்டும். இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதியின் தைரியஸ் இனங்களை 1962-இல் மறுஆய்வு செய்த பூச்சியியலாளர் லீஃப்டிங்கின் நூலோடு ஒப்பிடுவதற்குத் திட்டுகளின் அமைப்போடு இவையும் தேவைப்படும்.