இரவெல்லாம் தீ நிற்க வேண்டும் என்று அடுப்பின் காற்றை அடைப்பவரா நீங்கள்?

வீட்டைச் சூடாக்கும், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகடுப்பு உள்ள வீட்டுக்குக் குடிவந்து இது மூன்றாவது குளிர்காலம். முதல் வருடம் நான் செய்த தவறை இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக அடுப்பு வைத்தவர்கள் பலரும் இதையே செய்துகொண்டிருக்கக்கூடும்.

படுக்கப் போகும்முன் அடுப்பு நிறைய விறகை அடுக்கி, காற்று வரும் வழியை முழுக்க அடைத்துவிடுவேன். மெல்லக் கனன்று விடியும்வரை தாங்கும் என்பது என் கணக்கு. தாங்கவும் செய்தது. காலையில் தொட்டால் அடுப்பு இளஞ்சூடாக இருக்கும். ஆனால் வீடு சில்லிட்டுக் கிடக்கும், கதவுக் கண்ணாடி தார் பூசியதுபோலக் கறுத்திருக்கும். ஈரத்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் அது போய்விடும் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் படிந்த அதே கறுப்பு, கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கிக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

விறகும் சரியில்லை. நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஈரப்பதம் அளக்கும் மீட்டரின் முனைகளைக் கட்டையின் மேல்பக்கத்தில் குத்தினேன். 17 சதவீதம். சரி, நல்ல விறகுதான் என்று நிம்மதியானேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, அதே கட்டையைக் கோடரியால் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்த்தேன். 31! எரிக்கிற விறகில் 20க்குக் கீழே இருக்க வேண்டும்.

அன்றைக்கு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கவனித்தேன். கட்டையின் வெட்டுமுகத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் நுரைத்து வந்தன, கூடவே ‘உஸ்ஸ்’ என்ற சத்தம். வீட்டுக்கு வர வேண்டிய சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிக்கொண்டிருந்தது. அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க அதில் 0.7 யூனிட் போய்விடும்.

காற்றை அடைப்பது ஏன் தவறு என்பதும் அப்போதுதான் புரிந்தது. மரம் சூடேறும்போது வாயுக்கள் பிரிந்து வருகின்றன. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அவற்றில்தான் இருக்கிறது. நாம் சுவாலையாகப் பார்ப்பது அவை எரிவதைத்தான். காற்றும் சூடும் போதாவிட்டால் அவை எரியாமல் புகையாகவே மேலே போய், குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தாராக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் இரவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

தம்பி, உங்களுக்குக் கண்ணாடியோடு போயிற்று. எனக்குப் புகைபோக்கியே பற்றிக்கொண்டது.

நானும் பல வருடங்கள் இப்படித்தான், ராத்திரி முழுக்க மூட்டமாகவே எரியவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் குளிர் தாங்காமல், நன்றாகக் காய்ந்த சுள்ளிகளைப் போட்டு, காற்றைத் திறந்துவிட்டுப் பெரிய தீ மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள்ளிருந்து ரயில் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். புகைக்குழாயில் கையை வைக்கப் போனேன், பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. வெளியே ஓடி வந்து பார்த்தால் கூரைக்கு மேலே பொறி பறக்கிறது. வருடக்கணக்கில் படிந்த தார் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்துகொண்டிருந்தது.

அடுப்பின் காற்று வழிகள் அத்தனையையும் மூடினேன். வீட்டில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். தண்ணீர் ஊற்றலாமா என்று கை பரபரத்தது. நல்லவேளை ஊற்றவில்லை. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் உள்சுவர் வெடித்துவிடும், கொதிக்கும் நீராவி ஆள்மேல் அடிக்கும். ஊற்றாமலே உள்ளே பதித்த சுட்ட மண்குழாய் மூன்று இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றும்வரை, அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்பையே பற்றவைக்கவில்லை.

எல்லாப் புகைபோக்கித் தீயும் இப்படி இரைச்சலோடு வராது. சத்தமில்லாமல் எரிந்து அடங்கிவிடுவதும் உண்டு, சுத்தம் செய்கிறவர் சொல்லித்தான் தெரியவரும். குளிர்காலம் தொடங்கும்முன் ஒரு தடவையாவது ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யுங்கள், தயவுசெய்து. எனக்கு நேர்ந்தது யாருக்கும் வேண்டாம்.

*

அண்ணா எழுதியதைப் படித்து நெஞ்சு படபடத்துவிட்டது. எனக்கு நடந்தது சத்தமே இல்லாத விஷயம்.

எங்கள் வீட்டில் ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் அடைத்து இறுக்கமாக வைத்திருந்தோம். ஒருநாள் அடுப்பில் சுவாலை போய்த் தணல் மட்டும் கிடந்தது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று, கார்பன் மோனாக்சைடு என்ற வாடையில்லாத நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் கத்தியது. அறையில் புகையும் இல்லை, வாடையும் இல்லை. அலாரம்தான் கெட்டுவிட்டது என்று என் கணவர் பேட்டரியைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. ஜன்னல்களைத் திறந்துபோட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்துவிட்டோம்.

பிறகு பார்க்க வந்தவர் விளக்கினார். ஃபேன் வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. அதை ஈடுகட்ட வேறு வழியில்லாததால் வீடு புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. புகை வராவிட்டாலும் தணலிலிருந்து அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது அடுப்பு எரியும்போது ஃபேன் போட வேண்டியிருந்தால் ஒரு ஜன்னலை விரலளவு திறந்துவைக்கிறோம். அலாரம் இல்லாமல் விறகடுப்பு எரிப்பவர்கள் இதைப் படித்தால், இன்றே வாங்கி மாட்டுங்கள்.

*

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் அள்ளிய சாம்பலை, ஆறிவிட்டது என்று பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வாசலில் வைத்தேன். காலையில் வாளியின் அடியே இல்லை, மரப்படி கருகிக் கிடந்தது. நீறுபூத்த நெருப்பு என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளி, அதுவும் வீட்டைவிட்டுத் தள்ளி, மரத்தின் மேல் வைக்காமல்.

*

நான் ஒரு குளிர்காலம் செங்கல் கணப்பு உள்ள வீட்டில் தங்கியிருந்தேன். ரஷ்யாவிலும் பின்லாந்திலும் நெடுங்காலமாக இருக்கும் வகை. ஓர் அறையின் நடுவே சுவர் மாதிரி நிற்கும், டன் கணக்கில் எடை. அதில் இரவு முழுக்கத் தீயே கிடையாது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் காற்றைத் தாராளமாக விட்டுக் கொழுந்துவிட்டு எரிய வைப்பார்கள். புகை நேராக மேலே போகாமல் செங்கலுக்குள் வளைந்து வளைந்து போய்ச் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். மறுநாள் காலையிலும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் இதமாக இருக்கும். தீயை நீட்டிக்க வேண்டாம், சூட்டைச் சேமித்தால் போதும் என்பது அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

*

முதலில் எழுதியவன் மறுபடியும் வந்திருக்கிறேன். அக்கா, நீங்கள் பேட்டரியைக் கழற்ற விடாததற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

எனக்குச் செங்கல் கணப்பு இல்லை, சாதாரண இரும்பு அடுப்புதான். ஆனாலும் அதே வழியில்தான் போகிறேன். விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு இரண்டு கோடை காய வைத்தேன். மூட்டும்போது கனமான கட்டைகள் அடியில், சுள்ளிகள் உச்சியில், நெருப்பு உச்சியில். கீழிருந்து மூட்டியே பழகிய எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அடிக்கட்டையிலிருந்து எழும் வாயு மேலே உள்ள சுவாலைக்குள் நுழைந்து எரிந்துவிடுகிறது, புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. அடுப்புக் கதவின் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் தீப்பிடிக்காத கயிறும் நைந்திருந்தது. ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்தேன், தடையில்லாமல் கையோடு வந்துவிட்டது. புதுக்கயிறு ஒட்டிய பிறகுதான் காற்றின் கட்டுப்பாடே என் கைக்கு வந்தது.

இரவில் எட்டரை மணிக்குக் கடைசியாகப் பிளந்த கட்டைகள் மூன்று போடுகிறேன். அவை நன்றாகப் பற்றும்வரை காற்று முழுக்கத் திறந்திருக்கும். அப்புறம் குறைப்பேன், ஆனால் சுவாலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கும்போது தணல்தான் மிச்சம். திரைச்சீலைகளை இழுத்துவிடுகிறேன். விடியும்போது வீடு குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் முன்போலச் சில்லிட்டிருக்காது.

இன்று காலை இரண்டு விரல் கனத்துச் சாம்பலைக் கம்பியால் விலக்கினேன். அடியில் ஐந்தாறு கங்குகள் சிவப்பாக இருந்தன. மேலே நாலு சுள்ளியை வைத்துக் காற்றைத் திறந்தேன், தீக்குச்சி தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கடைசியாக எப்போது தேய்த்தேன் என்று ஞாபகம் இல்லை.