டி3 வாரம் ஒன்று, பி12 தினம் ஒன்று: அம்மா மாற்றிப் போட்டதில் பட்ட பாடு

போன வருடம் அம்மாவுக்கு ஓயாத அசதி, கால்வலி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, பி12 இரண்டுமே குறைவு. டாக்டர் டி3 60,000 யூனிட் கேப்ஸ்யூலை வாரம் ஒன்றாக எட்டு வாரமும், பி12 1500 மைக்ரோகிராம் மாத்திரையைத் தினம் ஒன்றும் எழுதினார். மருந்துக் கடையில் கவர் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தபோது இரண்டும் இடம் மாறிவிட்டது. அம்மா கேப்ஸ்யூலைத் தினமும் போட்டார். தீரத் தீரக் கடையில் சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் இப்படியே போனது. தலைமாட்டில் சொம்பை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தண்ணீர் குடிப்பார், நாலைந்து தடவை பாத்ரூம் போவார். சுகர் வந்துவிட்டதென்று நினைத்தேன். அப்புறம் மலச்சிக்கல், வாந்தி. ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கே அட்மிட். டி அதிகமானதால் ரத்தத்தில் கால்சியம் 13.2 ஆகியிருந்தது, 10.5-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. டி3-யோடு, அம்மா எடுத்துவந்த கால்சியம் மாத்திரையையும் நிறுத்தி ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். டி உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும், நிறுத்தினாலும் சீக்கிரம் போகாது. கால்சியம் மறுபடி ஏறாமல் நிலைக்க மூன்று மாதம் ஆனது.

60,000 யூனிட் டி3-யும் எடையில் 1500 மைக்ரோகிராம்தான், அந்த பி12 மாத்திரை அளவேதான். ஆனால் பி12 தண்ணீரில் கரையும், மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி-யைப் பெரியவர்கள் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4000 யூனிட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. அம்மா தினமும் அதைப்போல் பதினைந்து மடங்கு விழுங்கியிருக்கிறார்.

இனி டாக்டர் மறுபடி டி3 எழுதினால், மாதக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் மட்டும் கேப்ஸ்யூலை செலோடேப் போட்டு ஒட்டி வைப்பேன்.

*

படிக்கும்போதே பதறுகிறது. அம்மா நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நடந்தது பி12 பக்கம். அப்பா பத்து வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார், சைவம். பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பார். சுகரால்தான் என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். பார்த்தால் பி12 140. குறைந்தது 200 இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஊசி, பிறகு தினம் மாத்திரை. அசதி சீக்கிரமே போய்விட்டது. கால் மதமதப்பு முழுதாகப் போகவில்லை. மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் வருடம் ஒரு தடவையாவது பி12 பார்த்துவிடுங்கள்.

*

எனக்கும் வாரம் ஒரு டி3-தான். வெறும் வயிற்றில் போடாதே, மதியம் நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்றார் டாக்டர். எட்டு வாரம் முடிந்ததும் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்துதான் அடுத்த சீட்டு எழுதினார்.