என்க்ஹாய்சன்: கடல் துறைமுகம் ஏரிக்கரை ஊரானது எப்படி?

பொங்கோல்வாசி:
ஜூன் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம். ஒரு நாளை என்க்ஹாய்சனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இங்கே இருந்ததாமே? வரைபடத்தில் பார்த்தால் ஏரிதான் தெரிகிறது. கப்பல் எப்படி வந்தது? நம் சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் செய்தது மாதிரி கடலை ஒதுக்கி எழுப்பிய ஊரா?

கரைநாரை:
இல்லை, ஊர் பழையது. தெக்கோங்கை விட்டுவிட்டு, கடல்வாயை அடைத்து நன்னீர்த் தேக்கமாக்கிய நம் மரினா அணைக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரியும். ஊருக்கு முன்னால் இருந்தது சாய்டர்சே என்ற ஆழமில்லாத உள்கடல். அதன் வாயை 32 கிலோமீட்டர் நீள அணையால் 1932இல் அடைத்தார்கள். ஐசல் ஆறு நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருந்ததால் சில ஆண்டுகளில் உப்பு போய்விட்டது. மிஞ்சிய நீரை, வெளிக்கடல் தாழும் நேரம் பார்த்து மதகு வழியே விடுகிறார்கள். மரினாவில் கடல் ஏறியிருக்கும்போது மழை கொட்டினால் பம்பு உண்டு. டச்சுக்காரர்களோ வெகுகாலம் கடல் தாழ்வதை நம்பித்தான் இருந்தார்கள்.

அடி விழுந்தது மீனவர்களுக்கு. ஊர்ச் சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் மீன்கள். அந்த மீனுக்கு உப்புநீர் வேண்டும். கடைசியில் விலாங்குதான் கைகொடுத்தது.

கம்பெனிக் காலத்திலும் பாரம் ஏற்றிய பெரிய கப்பல்கள் ஊர்வரை வரவில்லை. டெக்செல் தீவருகே நங்கூரமிட்டு, சரக்கைச் சிறு படகுகளுக்கு மாற்றினார்கள்.

பிடோக் படகு:
ஒன்று சேர்க்கிறேன். என்க்ஹாய்சனிலிருந்து லேலிஸ்டாட் போகும் அணைச்சாலையில் இரு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கத்தை வற்றவைத்து நிலமாக்கத்தான் அந்த அணையே கட்டினார்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சாலை தொடங்கும் இடத்தில் 2003இல் திறந்த நீர்ப்பாலத்தைக் கட்டாயம் பாருங்கள்: கார்கள் கீழே, பாய்மரப் படகுகள் மேலே! முன்பு தூக்குபாலம் ஏறி இறங்கும்வரை வண்டிகள் வரிசையில் நிற்க வேண்டும்.

கரைநாரை:
சிங்கப்பூர்க்காரர் மறக்கக்கூடாத பெயர் லின்ஸ்கோட்டன். இந்த ஊரில் வளர்ந்து, கோவாவில் பேராயரிடம் செயலராக இருந்து, போர்ச்சுகீசிய மாலுமிகளின் கடல்வழிக் குறிப்புகளை அச்சில் ஏற்றியவர். நம் சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும் வழியும் அதில் உண்டு.

பயணத்துக்கு: ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம், கடைசி நிலையம். துறைமுக வாயிலில் 1540இல் கட்டிய டிரோமெடாரிஸ் காவல்கோபுரம். சாய்டர்சே அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதி ஏப்ரல் முதல் அக்டோபர்வரைதான், ஜூனில் கவலையில்லை. காற்றுச்சட்டை மட்டும் எடுத்துப் போங்கள், ஏரிக்காற்று ஜூனிலும் குளிரும்.