புதுப்பிப்பு: மெட்ராஸ் டெரஸ் கூரையில் மின்விசிறி மாட்டியாயிற்று

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டில், துளையிட்டாலே சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும் கூரையில் மின்விசிறி மாட்ட வழி கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஆங்கர் போல்ட் என்றீர்கள், சிலர் ரசாயனப் பசை என்றீர்கள். இரண்டையும் தவிர்த்துவிட்டேன்.

இந்தக் கூரையில் தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். ஆங்கர் போல்ட் பக்கவாட்டில் விரிந்துதான் பிடிக்கும். காரையில் அந்த விரிவே செங்கல்லைத் தளர்த்திவிடும். பசையோ, தான் ஒட்டிய செங்கல்லோடு சேர்ந்து கழன்று வரலாம். போதாததற்கு, மின்விசிறியின் அதிர்வு ஓயாதது.

ஆகவே பாரம் முழுவதும் மரத்துக்கே. தச்சர் முதலில் கட்டையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார், சுவரில் நுழையும் முனைகளை இன்னும் கவனமாக. கரையானும் ஈரமும் அங்கேதான் குடியிருக்கும். பிறகு கட்டையின் இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, குறுக்கே ஒரே போல்ட் செலுத்தி, இரட்டை நட்டு போட்டு முடுக்கினார். துளை கட்டையின் நடு உயரத்தில். அடிப்பகுதிதான் இழுவிசையைத் தாங்குகிறது, அங்கே துளைக்கக் கூடாது. பட்டைகளின் கீழ்முனையில் கொக்கி.

அறையின் நடுவில் கட்டை இல்லையே என்று கேட்டவருக்கு: அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை இதே முறையில் பொருத்தி, அதில் தொங்கவிடலாம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான்.

மாட்டுவதற்கு முன் கொக்கியில் மணல் மூட்டையை இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். அசையவில்லை. ஊஞ்சலுக்கு இது போதுமா என்று கேட்காதீர்கள்; அதற்குப் பொறியாளர் கட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.